டெம்பரமென்ட் என்ற சொல்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. அங்கே அண்ணனுடைய கொல்லுப்பட்டறையில் வேலை செய்யும் ஒரு நண்பரைப் போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். நண்பர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்பது சந்தேகம். சில வருஷங்களுக்கு முன் அவர் கவிதை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு சிறு பத்திரிகையில் 17 கவிதைகள் வந்தன. அவற்றைப் பற்றி நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். மொழி இருக்கிறது, கண் இருக்கிறது, கவிஞனுக்கு வேண்டிய டெம்பரமென்ட் இல்லை என்று அந்தக் குறிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் எதையும் அச்சுக்கு அனுப்பவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அன்று அவர் கல் கொத்தும் உளிகளுக்கு முனை அடித்துக்கொண்டிருந்தார். பழுக்கக் காய்ச்சிய உளியின் முனையை மட்டும் தண்ணீரில் முக்கி எடுத்தார். கரி போக முனையைக் கல்லில் தேய்த்துவிட்டுக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மிச்சமிருந்த சூடு முனையை நோக்கி இறங்கி வந்தது. வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு நீலம் தொடங்கும் இடம். அந்தக் கணத்தில் உளி முழுவதையும் தொட்டியில் போட்டார்.

"தோய்ச்சல் கூடினா ஒடிஞ்சிரும், கொறைஞ்சா மழுங்கிரும். லேத்துப் பட்டறையில இதத்தான் டெம்பர்ங்கறாங்க" என்றார். பிறகு, சண்டைக்காக இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "நீங்க எழுதியிருந்தீங்களே சார், டெம்பரமென்ட் இல்லைன்னு. அதுவும் இதுவும் ஒரே வார்த்தையா?"

ஒரே வார்த்தைதான் என்றேன்.

"அப்ப, இல்லைன்னு எப்படி சார் சொல்றது? கூடக் கொறைய இருக்குன்னுதான சொல்லணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி துரத்தித் துரத்திப் படித்ததன் விளைவுதான் இக்கட்டுரை.

அந்தச் சொல்லை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்குத் தெரியும். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தவர்கள் எல்லோரும் எடுக்கிற இடந்தான். வால்ட்டர் பேட்டர் 1873-ல் வெளியிட்ட மறுமலர்ச்சி பற்றிய நூலின் முன்னுரையில், விமர்சகனுக்கு அழகைப் பற்றிய வரையறையைவிட அழகின் முன் ஆழ்ந்து சலனமடையக்கூடிய ஒருவகை டெம்பரமென்ட் முக்கியம் என்ற கருத்தை வைக்கிறார். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1868-ல், எமில் ஜோலா தமது 'தெரேஸ் ராகேன்' நாவலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், தாம் ஆராய முற்பட்டது டெம்பரமென்ட்களைத்தான், குணச்சித்திரங்களை அல்ல என்று அறிவித்திருந்தார். ஜோலாவுக்கு அந்தச் சொல் ரத்தத்தையும் நரம்பையும் சேர்ந்தது. பேட்டருக்கு அது ரசனை, நுண்ணுணர்வு, ஒருவித உயர்குடித்தன்மை. பேட்டர் வழியாகவே சொல் நம்மிடம் வந்தது என்பதால் ஜோலாவின் ரத்தம் அதில் ஒட்டியிருக்கவில்லை.

'எழுத்து' காலத்திலிருந்து (1959–1970) தமிழ் விமர்சனத்தை க.நா.சு.வின் ரசனை வழி, சி.சு. செல்லப்பாவின் அலசல் வழி என்று பிரித்துப் பேசிவருகிறோம். நம் கட்டுரைகளில் அவ்வளவாக இல்லாமல் சம்பாஷணைகளில் மட்டும் நடமாடும் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 'அவர் டெம்பரமென்ட் அப்படி', 'நம்ம டெம்பரமென்டுக்கு ஒத்துவராது', 'டெம்பரமென்டலாவே அவன் கவிஞன் இல்லை'. சொல்லப்போனால் இது வழியே அல்ல, வெளியே போகும் வாசல். இந்தச் சொல் விழுந்த பிறகு பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு யாரும் பேசுவதில்லை. ரசனைக்காரராவது தாம் ரசித்த வரியைக் காட்ட வேண்டும், அலசல்காரர் அலசியாக வேண்டும். டெம்பரமென்ட் என்றவர் ஒன்றும் காட்ட வேண்டியதில்லை. ஒரு மனிதனின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்போல நடந்துகொண்டால் போதும். நான் செய்ததும் அதுவே.

லத்தீனில் தெம்பராரே என்றால் உரிய அளவில் கலப்பது. டெம்பரமென்ட் என்றால் கலவை, கலவையின் அளவு. மனம் என்ற பேச்சு அதில் தொடக்கத்தில் இல்லை. கிரேக்கத்தில் இதே கருத்துக்குக் கிராசிஸ் என்று பெயர். மதுவில் தண்ணீர் விட்டுக் கலக்கும் அகன்ற பாத்திரத்துக்கு அவர்கள் கிராட்டர் என்று பெயர் வைத்ததும் அதே வேரிலிருந்துதான். இடியோசிங்க்ரசி என்று ஒருவருடைய தனிப்பட்ட கிறுக்குத்தனத்தைச் சொல்கிறோமே, அதைப் பிரித்தால் 'தனக்கே உரிய கலவை' என்றுதான் வரும். லத்தீன் வேரிலிருந்து வந்த உறவினர்கள் இன்னும் வேடிக்கையானவர்கள். டெம்பரேச்சர் ஒரு காலத்தில் கலவையைக் குறித்த சொல். வெப்பமானி வந்த பிறகு அது வெப்பத்தோடு போய்விட்டது. பொங்கலுக்குச் சுவருக்கு டிஸ்டெம்பர் அடிக்கிறோம், நாய்க்கு டிஸ்டெம்பர் வருகிறது. ஒன்று நன்றாகக் கலந்தது, மற்றது கலவை கெட்டது.

இந்தக் கலவையை மருத்துவத்தில் ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர் 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன். ஹிப்பாக்கிரட்டஸ் பெயரால் வழங்கும் நூல்களில் ஏற்கெனவே நான்கு திரவங்கள் இருந்தன: ரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். கேலன் வெப்பம், குளிர்ச்சி, வறட்சி, ஈரம் என்ற நான்கு தன்மைகளைக்கொண்டு ஒன்பது கலவைகளைக் கணக்கிட்டார். அளவு ஒத்தது ஒன்று; ஒரு தன்மை மிகுந்தவை நான்கு; இரண்டு தன்மைகள் சேர்ந்து மிகுந்தவை நான்கு. அதாவது ஒன்பதில் எட்டு, ஏதோ ஒன்று கூடிப்போனவை. கலவை இல்லாத மனிதன் என்று ஒருவன் அவர் கணக்கில் கிடையாது. எது மிகுந்தது என்று கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டுமே? கேலன் உள்ளங்கைத் தோலைச் சொல்கிறார். வெப்பத்துக்கும் குளிர்ச்சிக்கும், ஈரத்துக்கும் வறட்சிக்கும் நடுவில் நிற்பது அதுதான், ஆகவே மற்றதையெல்லாம் தொட்டுப் பார்த்துச் சொல்லலாம் என்கிறார். டெம்பரமென்ட் என்பது தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டிய சமாசாரமாக இருந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பாக்தாதில் 9-ஆம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஷாக்கும் அவரைச் சேர்ந்தவர்களும் கேலனை அரபுக்குக் கொண்டுவந்தபோது இந்தச் சொல் மிஜாஜ் ஆயிற்று. அதற்கும் கலத்தல் என்றுதான் வேர்ப்பொருள். இப்னு சீனாவின் மருத்துவ நூல் வழியாக அது யுனானி வைத்தியத்தின் அடிப்படைச் சொல்லாகி இந்தியா வந்தது. (யுனானி என்றாலே 'கிரேக்கருடையது' என்றுதான் பொருள்.) உருதுக்காரர்கள் மரியாதையாகச் சௌக்கியம் விசாரிப்பதற்கு மிஜாஜ் எப்படி என்று கேட்கிறார்கள். உடம்பையும் மனத்தையும் ஒரே மூச்சில் விசாரித்துவிடுகிறது அந்தக் கேள்வி.

அரபிலிருந்து மறுபடி லத்தீனுக்குப் பெயர்த்தவர்கள் மிஜாஜுக்கு வேறொரு சொல்லைப் போட்டார்கள்: கம்ப்ளெக்ஸியோ. பின்னல், ஒன்றோடொன்று முறுக்கிச் சேர்ந்தது என்று பொருள். சாஸரின் கேன்டர்பரி யாத்ரீகர்களில் ஒருவருக்கு ரத்தம் மிகுந்த கம்ப்ளெக்ஷன், இன்னொருவர் பித்தம் மிகுந்த ஒல்லி ஆள். ரத்தம் மிகுந்தால் முகம் சிவக்கும், பித்தம் மிகுந்தால் மஞ்சளிக்கும் என்பதால் கலவையைக் குறித்த சொல் கொஞ்சம் கொஞ்சமாக முகநிறத்தைக் குறிக்க ஆரம்பித்தது. இன்று நம் கல்யாண விளம்பரங்களில் 'காம்ப்ளெக்ஷன்: மாநிறம்' என்று வருவது இதன் கடைசி அவதாரம். அந்த இடத்தை நிரப்பத்தான் டெம்பரமென்ட் வந்தது. 1598-ல் பென் ஜான்சன் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு திரவத்தை மிகையாக்கி நாடகம் எழுதியபோது ஜனங்கள் சிரித்தார்கள். ஈரம் என்று பொருள்பட்ட ஹ்யூமர் பிற்பாடு சிரிப்புக்கே பெயராகிப்போனது.

1628-ல் ஹார்வி ரத்தம் சுழல்கிறது என்று நிரூபித்தார். 1858-ல் விர்ஷோ நோயை உயிரணுக்களில் தேடச் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் திரவங்கள் செத்துப்போயின. சொற்கள் சாகவில்லை. ஜமீன்தாரி ஒழிந்த பிறகும் ஜமீன்தார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மாதிரி, திரவம் போன பிறகும் டெம்பரமென்ட் இருந்தது. ஆனால் நிலம் போய்விட்டது. அளக்கக்கூடிய கலவை போய், அளக்க முடியாத ஏதோ ஒன்று 'உள்ளே' இருப்பதாக ஆயிற்று. பேட்டரின் கைக்கு வந்தது இந்த நிலமற்ற சொல்.

நம் பக்கத்தில் என்ன நடந்தது?

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமான 'மருந்து' முதல் குறளிலேயே, வளி தொடங்கி எண்ணப்படும் மூன்றும் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் என்ற கருத்து இருக்கிறது. வள்ளுவர் அதைத் தம் கண்டுபிடிப்பாகச் சொல்லவில்லை, நூலோர் மேல் ஏற்றிச் சொல்கிறார். அதற்கு முன்பே புழக்கத்திலிருந்த சாஸ்திரம் என்று ஆகிறது. வாதம், பித்தம், சிலேத்துமம். கிரேக்கர்களின் நான்கும் திரவங்கள்; நம் மூன்றில் ஒன்று காற்று. சித்த வைத்தியர்கள் ஒருவரை வாத தேகி, பித்த தேகி, கப தேகி என்று வகைப்படுத்தி அதற்குத் தக்க மருந்து கொடுத்தார்கள். வைத்தியம் தெரியாத வீடுகளிலும் 'எனக்குச் சூட்டு உடம்பு', 'அவனுக்குக் குளிர்ச்சி ஒத்துக்காது' என்கிற பேச்சு இன்றும் இருக்கிறது.

இவற்றில் மனத்துக்குள் புகுந்தது பித்தந்தான். பித்து, பித்தன், பித்துக்குளி. பைத்தியம் என்ற சொல்லே பித்தத்தைச் சேர்ந்தது என்ற வடமொழிப் பொருளிலிருந்து வந்தது. மெலங்கலி என்ற கிரேக்கச் சொல்லும் 'கரும்பித்தம்' என்பதுதான். ஒரே சுரப்பி, கிரேக்கனுக்குத் துக்கத்தையும் கோபத்தையும் கொடுத்தது, நமக்குப் பைத்தியத்தைக் கொடுத்தது. பைத்தியம் மட்டுமா? மங்கலம்பேட்டைப் பஸ்ஸிலேயே மேற்கொண்டு போனால் உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டித் திருநாவலூர், அதற்கும் அப்பால் திருவெண்ணெய்நல்லூர். முதலாவது சுந்தரர் பிறந்த ஊர். இரண்டாவது, அவருடைய கல்யாணத்தை நிறுத்தவந்த கிழவர் அடிமை ஓலையை நீட்டி வழக்காடி ஜெயித்த ஊர். வழக்கின் சூட்டில் சுந்தரர் கிழவரைப் பித்தன் என்று ஏசினார். பிறகு இறைவன், அந்த வசையையே முதற்சொல்லாக வைத்துப் பாடு என்றான் என்பது பெரிய புராணக் கதை. ஏழாம் திருமுறை அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. வைத்தியனின் நோய்ப்பெயர் வாதியின் வசையாகி, வசை தோத்திரமானது. இவ்வளவும் ஒரே கதைக்குள்.

பழைய தென்னாற்காடு ஜில்லாவுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஏதோ பூர்வஜன்ம பந்தம் இருக்க வேண்டும். 1906-ல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, விருத்தாசலம் என்று பெயரிடப்பட்ட ஒரு திருநெல்வேலிப் பிள்ளை தமக்கு வைத்துக்கொண்ட பெயர் புதுமைப்பித்தன். அந்தப் பெயரில் உள்ள பித்தை நாம் கேட்பதே இல்லை. நம்பிக்கை வறட்சி என்று ஒரு சொல்லை அவர் கதைகளோடு ஒட்டிவைத்திருக்கிறோம். வறட்சி என்பது கேலனின் அட்டவணையில் கரும்பித்தத்தின் லட்சணம் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்வது தற்செயல் அல்ல. அவர் கதைகளில் வறட்சியோடு கலந்திருக்கிற மற்றொன்றை, 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் காபி ஹோட்டலில் உட்கார்ந்திருக்கும் அந்த லேசான ஈரத்தை, எந்த விகிதத்தில் என்று யாரும் கேட்பதில்லை. அதே ஜில்லாவில் சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த மௌனி இருபத்துச் சொச்சம் கதைகளோடு நின்றார். உடனே 'மௌனி டெம்பரமென்ட்' என்கிறோம். புதுமைப்பித்தன் அவரைத் திருமூலரோடு ஒப்பிட்டுச் சொன்னதை எல்லோரும் திருப்பிச் சொல்லியாயிற்று. மௌனியின் வாக்கியம் ஏன் வினைமுற்றுக்கு வரத் தயங்குகிறது, அந்தத் தயக்கத்தில் எவ்வளவு சங்கீதம், எவ்வளவு இலக்கணத் தடுமாற்றம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் டெம்பரமென்டைப் பற்றிப் பேசுவது என்றால், அதை அநேகமாக நாம் தொடங்கவே இல்லை.

தமிழில் இதற்கு என்ன சொல் போடுவது என்று யோசித்தேன். மனோபாவம், மனப்பான்மை, சுபாவம், இயல்பு. முதல் இரண்டும் மனத்துக்குள் பூட்டிவிடுகின்றன. பின்னிரண்டும் பிறவியிலேயே முடிந்துபோன காரியம் என்கின்றன. (மூடு என்று நாம் தமிழாகவே பேசுகிறோமே, அது வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் மனம், வீரம் என்று பொருள்பட்ட ஜெர்மானியச் சொல். வந்து போவது மூடு, டெம்பரமென்ட் இருப்பது.) தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பார்த்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்கள். உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதையே பெயராக வைத்திருக்கிறார்கள், மெய்யை விட்டுவிடவில்லை. ஆனால் மெய்ப்பாடும் நிகழ்வுதான். அழுகிறவனைப் பற்றி அது சொல்லும், அழும் கூறு உள்ளவனைப் பற்றிச் சொல்லாது. நிகழ்வுக்குச் சொல் கவிதையியலில் இருந்தது, கூறுக்குச் சொல் வைத்தியத்தில் இருந்தது, இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை.

குணம் என்ற சொல் மிக அருகில் வருகிறது. வடமொழியில் அதற்கு நூலிழை, கயிற்றின் புரி என்று ஒரு பழைய பொருள். மூன்று குணங்கள் என்றால் மூன்று புரிகள் முறுக்கிய கயிறு. லத்தீன்காரர்களின் பின்னலுக்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்காது. காய்ச்சல் விட்டால் குணமாகிவிட்டது என்கிறோம். உடம்பும் அதற்குள் இருக்கிறது. ஆனால் தமிழில் குணம் என்றால் நல்ல குணம் என்று ஆகிப்போயிற்று, குற்றத்துக்கு எதிர்ப்பதமாயிற்று. குணத்தையும் குற்றத்தையும் நாடி, அவற்றில் மிகையைக் கொண்டு முடிவு செய்யச் சொல்லும் குறள் நம் விமர்சனக் கட்டுரைகளில் தேய்ந்த நாணயம். அது 51-ஆம் அதிகாரமான 'தெரிந்து தெளித'லில் வருகிறது, அரசன் ஆட்களை வேலைக்கு எடுப்பதைப் பற்றியது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். ஆள் எடுக்கிறவன் கடைசியில் எடு அல்லது விடு என்று சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்து அதிகாரத்தின் குறளிலும் மிகை உண்டு, அங்கே ஆளை விடுவது என்ற பேச்சு இல்லை. எந்த மிகையைக் கையில் எடுத்துக்கொண்டு கவிதையிடம் போகிறோம் என்பது சின்ன விஷயம் அல்ல. கொல்லுப்பட்டறை நண்பரிடம் நான் வேலைக்கு எடுக்கும் அதிகாரிபோலப் போயிருந்தேன்.

நண்பர் சொன்ன தோய்ச்சல் என்ற சொல்லுக்கு வருகிறேன். இரும்பைத் தோய்ப்பது, பாலைத் தோய்த்துத் தயிராக்குவது, துணி தோய்ப்பது, இலக்கியத்தில் தோய்ந்தவர். ஒரே வினை. இதை மொழிபெயர்ப்பாகச் சிபாரிசு செய்யவில்லை. நம் அகராதியிலும் இரும்புக்கும் மனத்துக்கும் பொதுவாக ஒரு சொல் புழங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்கிறேன், அவ்வளவே.

டெம்பரமென்ட் என்ற சொல் உடம்பையும் மனத்தையும் விட்டு இன்னொரு இடத்தில் உயிரோடு, அளவோடு இருக்கிறது. அது சங்கீதம். சட்ஜத்துக்கும் மேல் சட்ஜத்துக்கும் விகிதம் 1:2. சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் 2:3. பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று 12 தடவை ஏறினால் சரியாக 7 ஸ்தாயி ஏறியிருக்க வேண்டும். அப்படி வருவதில்லை. கொஞ்சம் மிஞ்சிப்போகிறது, ஒரு அரைச் சுரத்தில் ஏறத்தாழக் கால்வாசி. இயற்கையின் கணக்கிலேயே உள்ள மிச்சம் இது. கட்டை போட்ட வாத்தியம் செய்கிறவர்கள் இதை எங்கேயாவது வைத்தாக வேண்டும். ஒரே பஞ்சமத்தில் முழுவதையும் தள்ளினால் அது ஓநாய்போல ஊளையிடும். அதற்கு ஓநாய் என்றே பெயர். எல்லாச் சுரங்களிலும் சரிசமமாகப் பங்கிட்டால் ஈக்வல் டெம்பரமென்ட். அதில் எந்தச் சுரமும் ஊளையிடாது. ஆனால் சட்ஜத்தைத் தவிர எதுவும் முற்றிலும் சுத்தமாகவும் இருக்காது. பஞ்சமம் கண்டுபிடிக்க முடியாத அளவு குறையும், அந்தர காந்தாரம் காதுக்குத் தெரியும் அளவு கூடும். பியானோவும் ஆர்மோனியமும் இப்படிச் செய்யப்பட்டவை.

இதில் ஒரு தமிழர் வருகிறார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), சித்த வைத்தியர், கருணானந்தர் என்ற சித்தரிடம் மருந்து கற்றவர். 1917-ல் அவர் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்', ஸ்தாயியை 12 சமமான அரைச் சுரங்களாகவும் 24 சமமான சுருதிகளாகவும் பிரிப்பதே சரி, பழந்தமிழர் கணக்கும் அதுவே என்று வாதாடுகிறது. சார்ங்கதேவரின் 22 சுருதியை அவர் ஏற்கவில்லை. 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டிலும் போய்த் தம் கட்சியைச் சொன்னார். வாத பித்த சிலேத்துமத்தின் அளவைக் கை நாடியில் பிடித்துப் பார்க்கிறவர், சுரங்களின் அளவுக்கும் சமன் கேட்டார். டெம்பரமென்ட் என்ற சொல்லின் இரண்டு கிளைகளும் ஒரு தமிழரின் உடம்பில் சந்தித்தது இந்த ஒருமுறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் அந்தச் சொல்லைப் பற்றி யோசித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

அவருக்கு எதிர்ப்பக்கமும் நம் ஜில்லாவில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் சுவாமி விபுலாநந்தர். மட்டக்களப்பிலிருந்து 1931-ல் சிதம்பரம் வந்தவர், சிலப்பதிகாரத்தின் இசைக் குறிப்புகளை வைத்துக்கொண்டு யாழின் நரம்புகளை விகிதக் கணக்கில் மீட்க வருஷக்கணக்காக உழைத்தார். 'யாழ் நூல்' 1947-ல் வந்தது. அதே வருஷம் அவர் காலமானார். விகிதக் கணக்கு மிச்சத்தைச் சமமாகப் பங்கிடுவதில்லை. எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கேயே விட்டுவிடுகிறது. எந்தக் கட்சி சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குச் சங்கீத ஞானம் போதாது. இருவரும் மிச்சம் இருக்கிறது என்று தெரிந்து சண்டைபோட்டவர்கள். ஆர்மோனியத்தைப் பாரதி வெறுத்தார், தாகூர் வெறுத்தார். 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களிலிருந்தே வெளியேற்றி, 30 ஆண்டுகளுக்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டது. தடைக்குச் சொன்ன காரணங்களில் இந்தச் சமச்சீர் டெம்பரமென்டும் ஒன்று. இந்திய ராகங்களின் கமகத்துக்கு அது ஒத்துவராது என்றார்கள். அந்த முப்பது வருஷமும் நம் ஊர் நாடகக் கொட்டகைகளில் ஆர்மோனியக்காரர் இல்லாமல் ராஜபார்ட் வாயைத் திறந்ததில்லை.

இந்த விஷயங்களை ஒரு கடிதத்தில் நண்பருக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் அது இன்னொரு கட்டுரையாகிவிடும், அவருக்கு வேண்டியது அது அல்ல. பழைய இதழ்களைத் தேடி எடுத்து அந்த 17 கவிதைகளையும் மறுபடி படித்தேன். முதல் தடவை படித்தபோது தோன்றியதே இப்போதும் தோன்றியது, ஏதோ ஒன்று சரியில்லை. அன்று அதோடு நிறுத்திக்கொண்டேன். இந்தத் தடவை பென்சிலை எடுத்துக்கொண்டேன். பெயர்ச்சொற்கள் நெருக்கமாக, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அது அவருடைய பலம். வினைச்சொற்கள் குறைவு, ஆனால் கவிதையைத் தூக்கப் போதும். படிமம் வந்து நிற்கிற இடங்களில் அவசரம் இல்லை. கோளாறு முடிவில் இருக்கிறது. ஏறக்குறைய எல்லாக் கவிதைகளிலும், சூடு முனைக்கு வந்து சேர்ந்த பிறகும் தண்ணீரில் போடாமல் இன்னொரு நிமிஷம் வைத்திருக்கிறார். கடைசி வரி முன்வரிகளுக்கு அர்த்தம் சொல்லிவிடுகிறது.

கடைசி வரிகளை மட்டும் அடித்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். 17-ல் 11 நின்றன.